தை பிறக்கும் முன்னே ஒரு தையல்

டென்மார்க்கின் நீண்ட இரவுகளும் தமிழ்ப் பிள்ளையின் பெயர்த்துணியும்

டென்மார்க்கில் ஆண்டு முடிந்து ஆண்டு பிறக்கும் நாள்களில் பகல் ஏறத்தாழ ஏழு மணி நேரமே நீடிக்கின்றது. காலை எட்டரை மணி கடந்த பின்னரே சூரியன் எழுகின்றான். பிற்பகல் நான்கு மணியை எட்டுமுன் மறைந்தும் விடுகின்றான். பாடசாலைகளுக்கு விடுமுறை. கடைத்தெருக்கள் நேரத்தோடு அடங்கிவிடுகின்றன. டிசம்பர் 31 மாலை ஆறு மணிக்கு அரச உரை, நள்ளிரவில் கொப்பன்ஹேகன் நகரமண்டப மணியோசை, கதிரைமீது ஏறி நின்று புத்தாண்டுக்குள் குதிக்கும் வேடிக்கை, வானவேடிக்கை. அதன் பின்னர் நாடு முழுவதும் வீட்டுக்குள் ஒடுங்கிக்கொள்கின்றது.

எம்மவர் வீடுகளுக்கு இந்த நாள்கள் வேறொரு கணக்கிலும் வருகின்றன. இது மார்கழி. ஊரில் திருவெம்பாவைக் காலம். விடிவதற்கு முன் சங்கும் சேமக்கலமும் தெருவில் கேட்ட காலம். திருமணம், குடிபுகுதல் போன்ற நற்காரியங்களைத் தள்ளி வைத்து, மனத்தை அடக்கிக்கொள்ளும் மாதம் எனப் பெரியோர் வகுத்தது. வியப்புக்குரிய செய்தி என்னவெனில், பழைய டெனிஷ் கிராமத்தவரும் இதே நாள்களை இவ்வாறே வைத்திருந்தனர். நத்தார் நாள்களில் சுழலும் எதுவும் சுழலக்கூடாது என்பது அவர்களது நம்பிக்கை. நூல் நூற்கும் இராட்டினம் நிறுத்தப்பட்டது. வண்டிச் சில்லும் ஆலைக்கல்லும் ஓய்ந்தன. நத்தாருக்கும் புத்தாண்டுக்கும் இடையில் துவைத்த துணியைக் கொடியில் காயப்போடலாகாது என்று இன்றும் சொல்லும் டெனிஷ் மூதாட்டியர் உண்டு.

இந்த அமைதியான நாள்களை எமது வீடுகள் எவ்வாறு கழிக்கின்றன என்பதே கேள்வி. பெரும்பாலும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் என்பதே விடை. அதற்கு மாற்றாக இந்நாட்டுப் பெண்களின் கையில் நூற்றாண்டுகளாக இருந்து வந்த ஒரு கைவேலையை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. அது குறுக்குத் தையல்; டெனிஷ் மொழியில் கோர்ஸ்ஸ்டிங். வாக்குச் சீட்டில் நாம் இடும் புள்ளடியைப் போல, துணியின் ஒவ்வொரு கட்டத்திலும் நூலால் ஒரு புள்ளடி. அவ்வளவே அதன் இலக்கணம்.

பெயர் பொறித்த துணி

இந்நாட்டில் முற்காலத்துச் சிறுமி கற்ற முதற் பாடங்களுள் ஒன்று "நவ்னெக்லூத்", அதாவது பெயர்த்துணி. சிறிய வெண்துணியொன்றில் அகரவரிசையையும் எண்களையும் புள்ளடிகளால் தைத்து, கீழே தன் பெயரின் முதலெழுத்துகளையும் ஆண்டையும் பொறிப்பாள். 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அத்தகைய துணிகள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன.

இது வெறும் அழகு வேலை அன்று. கட்டில் விரிப்பும் துவாயும் பெருஞ்செல்வமாக மதிக்கப்பட்ட காலம் அது. ஆண்டில் சில தடவைகளே பெருந்துவைப்பு நடைபெறும். எந்தத் துணி எந்த வீட்டினது என்று அறிய ஒவ்வொன்றின் மூலையிலும் முதலெழுத்தும் எண்ணும் தைத்திருக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் சிவப்பு நூலையே தேர்ந்தனர். மஞ்சிட்டி வேரிலிருந்து பெற்ற சிவப்புச் சாயம் கொதிநீரில் அவித்தாலும் மங்காது நின்றதே அதற்குக் காரணம். ஆக, பெயர்த்துணி தைத்த சிறுமி எழுத்தையும் கற்றாள். இது என்னுடையது என்று சொல்லும் உரிமையையும் கற்றாள்.

எங்கள் பக்கமும் இதற்கு அந்நியமன்று. யாழ்ப்பாணத்தில் 1824 இல் அமெரிக்க மிசனரிமார் தொடக்கிய உடுவில் மகளிர் பாடசாலை முதலாக, அக்காலப் பெண்கள் பாடசாலைகளில் வாசிப்பும் தையலும் ஒருசேரக் கற்பிக்கப்பட்டன. பின்னாளில் மனையியல் பாடத்தில் சங்கிலித் தையல், தண்டுத் தையல், குறுக்குத் தையல் என்று துணித்துண்டுகளில் தைத்து, கொப்பியில் ஒட்டி, ஆசிரியையிடம் காட்டிய தாய்மார் எம்மிடையே பலர் உளர். ரேந்தை பின்னிய அம்மம்மாவின் தலையணை உறையை மறவாதவர்களும் உளர். கை மறந்திருக்கலாம், ஊசியை எடுத்தால் நினைவுக்கு வந்துவிடும்.

கைவேலையைப் போற்றிய நாடு

டென்மார்க்கில் இக்கலை தானாகவே நிலைத்துவிடவில்லை, நிலைநிறுத்தப்பட்டது. 1873 இல் இங்கு வீட்டுக் கைத்தொழிற் சங்கம் தோன்றியது. என். சி. றொம் என்ற ஆசிரியர் இவ்வியக்கத்தின் முன்னோடி. "ஹூஸ்ஃபிலீத்" என்ற டெனிஷ் சொல்லுக்கு வீட்டு முயற்சி என்று பொருள் கொள்ளலாம். குளிர்கால இரவுகளில் விவசாயக் குடும்பங்கள் சோம்பியிராது ஏதேனும் ஒன்றைக் கையால் செய்ய வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆண்கள் மரம் செதுக்கினர், கூடை முடைந்தனர். பெண்கள் நெய்தனர், தைத்தனர்.

1928 இல் கைவேலை மேம்பாட்டுச் சங்கம் நிறுவப்பட்டது. கெர்டா பெங்ட்சன் (1900–1995) என்ற ஓவியக் கலைஞர் இச்சங்கத்துக்காக வரைந்த குறுக்குத் தையல் மாதிரிகள் உலகெங்கும் பரவின. வேலியோரத்துக் காட்டுப் பூக்களையும் புற்களையும் அவர் எடுத்துக்கொண்டார். தாவரநூலில் பார்ப்பது போன்ற துல்லியத்தோடு, மினுக்கமற்ற பருத்தி நூலால், லினன் துணியில் அவை தைக்கப்பட்டன. ஆண்டுதோறும் சங்கம் வெளியிட்ட குறுக்குத் தையல் நாட்காட்டி, புத்தாண்டு பிறக்கும்போது வீட்டுக்கு வரும் விருந்தாளியாயிற்று. 2024 ஜனவரியில் முடிதுறந்த அரசி இரண்டாம் மார்கிரேதே அவர்களும் தையல் வடிவங்களைத் தாமே வரைந்து, தாமே தைத்து வந்தவர். உயர்குடியினர் முதல் பண்ணை வீட்டார் வரை இவ்வேலையை இழிவென எண்ணாத நாடு இது.

எம்மவர் பெருமளவில் வாழும் யூலாண்டுப் பகுதிக்கு இதில் தனிவரலாறு உண்டு. ஹேர்னிங் நகரைச் சூழ்ந்த ஹம்மரும் வட்டாரம் முன்னர் மணற்பாங்கான, விளைச்சல் குன்றிய தரிசு நிலம். பயிர் காப்பாற்றாத மக்களைக் கம்பளி காப்பாற்றியது. குளிர்கால மாலைகளில் அயலவர் ஒரு வீட்டில் கூடி, ஒரே விளக்கொளியில், ஆண், பெண், சிறுவர் என்ற வேறுபாடின்றிக் காலுறை பின்னினர். பின்னிக்கொண்டே கதை சொல்லினர். எழுத்தாளர் ஸ்டேன் ஸ்டேன்சன் பிளீகர் 1842 இல் யூலாண்டுப் பேச்சுவழக்கில் எழுதிய "ஈ பின்ஸ்டவ்" அந்தப் பின்னல் அறைக் கதைகளின் தொகுதியே. அக்கம்பளித் தொழிலின் வழியில் வளர்ந்ததே ஹேர்னிங்கின் துணி ஆலைத் தொழில். அதே ஹேர்னிங்கில் இன்று எமது விநாயகர் ஆலயமும், அயலூரான பிராண்டாவில் அபிராமி அம்பாள் ஆலயமும் உள்ளன. நாம் குடியேறிய மண், கைவேலையால் பசியாறிய மண் என்பதை எம் பிள்ளைகள் அறிதல் நன்று.

முன்னர் வந்த ஒல்லாந்தர்

ஒல்லாந்தர் என்றதும் எமக்கு யாழ்ப்பாணக் கோட்டை நினைவுக்கு வரும். அவர்கள் யாழ்ப்பாணத்துக்கு வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னர், 1521 இல், டெனிஷ் மன்னர் இரண்டாம் கிறிஸ்தியான் ஒல்லாந்துக் கமக்காரக் குடும்பங்களை அழைத்து, கொப்பன்ஹேகனை அடுத்த அமாகர் தீவில் குடியேற்றினார். தலைநகருக்கு மரக்கறி விளைவிப்பது அவர்கள் பணி. அக்குடிகள் தம் மொழியையும் உடையையும் தையல் வேலைப்பாட்டையும் விடாது காத்தனர். அவர்களது தேவாலயத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை டெனிஷ் மொழியில் வழிபாடு நடைபெறவில்லை.

இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் டெனிஷ் மக்களே. மொழி போய்விட்டது. ஆனால், அமாகர்ப் பெண்களின் பூவேலை செய்த உடைகள் ஸ்டோர மாக்லபி ஊரின் அருங்காட்சியகத்தில் இன்றும் காட்சிக்கு உள்ளன. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஒரு சிறு சமூகம் தன்னை இழக்காது நின்றது என்பது எமக்கு ஊக்கம் தருவது. துணி நிலைக்க மொழி அழிந்தது என்பது எமக்கு எச்சரிக்கை. எம் பிள்ளைகள் தைக்கும் எழுத்தை அவர்களே வாசிக்கக்கூடியவர்களாகவும் இருக்க வேண்டும்.

இந்த எச்சரிக்கை வெறுங் கற்பனையன்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள நாடுகளைச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியை இலவசமாக வழங்க வேண்டிய கடப்பாட்டிலிருந்து 2002 இல் உள்ளூராட்சி நிர்வாகங்கள் விடுவிக்கப்பட்டன. அன்று முதல் தமிழெழுத்தின் பொறுப்பு வீட்டின் மீதும், வார இறுதியில் தொண்டாக நடத்தப்படும் தமிழ்ப் பாடசாலைகளின் மீதுமே பெரும்பாலும் தங்கியுள்ளது.

அமைதியான வீடு இலேசிற் கிடைத்ததன்று

பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே விளக்கின் கீழ் அமர்ந்திருப்பது இன்றைய இளையோருக்கு இயல்பான காட்சி. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1983 யூலைக்குப் பின்னர் டென்மார்க்கை வந்தடைந்த எம்மவரிற் பெரும்பாலோர் தனித்து வந்த இளைஞர்கள். மனைவியையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் உரிமையை 1983 ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் ஏற்கப்பட்ட அகதிகளுக்கு வழங்கியிருந்தது. ஆயினும் 1987 இல் அன்றைய நீதியமைச்சர் எரிக் நின்-ஹன்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களை முடக்கி வைக்கச் செய்தார். இங்கே ஒருவர் தபாற்காரனைப் பார்த்திருக்க, அங்கே குண்டுச் சத்தத்தினிடையே ஒரு தாயும் பிள்ளைகளும் காத்திருந்த குளிர்காலங்கள் அவை.

உண்மை மறைந்துவிடவில்லை. உயர்நீதிமன்ற நீதிபதி மோகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1993 ஜனவரி நடுப்பகுதியில், எமது தைப்பொங்கலை ஒட்டிய நாள்களில், வெளியாயிற்று. பிரதமர் பவுல் ஷ்லூத்தரின் அரசாங்கம் பதவி விலகியது. 1995 இல் சிறப்பு அரச நீதிமன்றம் முன்னாள் அமைச்சரைக் குற்றவாளியெனக் கண்டு, நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. ஒரு சிறிய அகதிச் சமூகத்தின் வீட்டு வாழ்வுக்காக ஓர் அரசாங்கமே வீழ்ந்தது. ஆகவே, எமது வீட்டின் அமைதியைச் சிறிதென எண்ணுதல் ஆகாது. பெயர் பொறித்து வைக்கத் தகுந்த உடைமை அது.

காத்திருப்போர் கையில் ஊசி

அகதி முகாமில் முடிவுக்காகக் காத்திருப்போருக்கு இந்த நாள்கள் இன்னும் நீண்டவை. அலுவலகங்கள் பூட்டியிருக்கும், கடிதம் வராது. வேலையற்ற கை மனத்தைத் தின்னும். அவர்களுக்கு இரு செய்திகள்.

1941 இல் கிரீட் தீவில் சிறைப்பட்ட பிரித்தானிய மேஜர் அலெக்சிஸ் கஸ்டாக்லி, ஜேர்மனியப் போர்க் கைதி முகாமில், பிரிந்துபோன கம்பளிச் சட்டையொன்றிலிருந்து உருவிய நூலால் குறுக்குத் தையற் படமொன்றைத் தைத்தார். அவர் தைத்து வைத்த திகதி 1941 டிசம்பர். அதன் கரையிலே புள்ளியும் கோடுமாக மோர்ஸ் குறியீட்டில் தம் மன்னரை வாழ்த்தியும் ஹிட்லரை வைதும் இருந்தார். பொருள் விளங்காத காவலர் அதனைக் கைதிகளின் நற்பணியெனக் காட்சிக்கும் வைத்தனர்.

மற்றையது பலஸ்தீனப் பெண்களின் "தத்ரீஸ்". அதுவும் பெரும்பாலும் குறுக்குத் தையலே. மேலாடையின் மார்பிலுள்ள வடிவத்தைக் கண்டே உடுத்தவரின் ஊரைச் சொல்லிவிடும் வழக்கம் இருந்தது. 1948 இல் ஊரை இழந்து முகாம்களில் தங்கிய பின்னரும் அவ்வடிவங்களைத் தாய் மகளுக்குக் கற்பித்தாள். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ அக்கலையை மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது. ஊர் கையை விட்டுப் போனாலும் ஊரின் வடிவம் கைக்குள் இருந்தது.

பன்னிரண்டு மாலைகள், பன்னிரண்டு எழுத்துகள்

புத்தாண்டுக் கொண்டாட்டம் ஓய்ந்த ஜனவரி 2 முதல், பொங்கலுக்கு முன் வரும் 13 வரை எண்ணினால் பன்னிரண்டு மாலைகள். தமிழில் உயிரெழுத்துகளும் பன்னிரண்டே. மாலைக்கோர் எழுத்தாகத் தைத்தால், பொங்கலன்று காலையில் பிள்ளையின் பெயர்த்துணி சுவரில் தொங்கும்.

வேண்டிய பொருள்கள் சில. கட்டங்கள் தெளிவாகத் தெரியும் ஐடா துணி தொடக்கத்துக்கு ஏற்றது. ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம், அதாவது ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஐந்தரைக் கட்டம் கொண்டதைக் கேட்டு வாங்குங்கள். முனை மழுங்கிய ஊசி ஒன்று, சிவப்புப் பருத்தி நூற்கட்டு இரண்டு, கத்தரிக்கோல், கட்டமிட்ட கணிதக் கொப்பி. நூற்கட்டில் ஆறு இழைகள் முறுக்கியிருக்கும். இரண்டை மட்டும் பிரித்தெடுத்துத் தைக்க வேண்டும். செஞ்சிலுவைச் சங்கம் போன்றவற்றின் பழைய பொருட்கடைகளில் துணியும் நூலும் சட்டமும் சொற்ப விலைக்குக் கிடைப்பதுண்டு. மாதிரி நூல்களைப் பொதுநூலகத்தில் இலவசமாக இரவல் பெறலாம்.

முதலில் கொப்பியில் எழுத்தை வரையுங்கள். ஓர் எழுத்துக்கு 24 கட்ட அகலமும் 18 கட்ட உயரமும் போதும். ஐரோப்பிய எழுத்துகள் நேர்கோட்டின. கட்டத்துக்குள் எளிதில் அடங்கிவிடும். தமிழெழுத்து வளைவு மிகுந்தது. "ஈ" இலகுவானது; "அ", "இ" இரண்டும் சுழியுடையவை; "ஔ" முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். வளைவைப் படிப்படியாக, ஏணிப்படி இறங்குவது போலக் கட்டங்களில் இறக்க வேண்டும். சற்றுத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் படிகள் மறைந்து வளைவு தோன்றும். புள்ளிக்கோலம் போட்டுப் பழகியவருக்கு இக்கணக்குப் புதிதன்று. எழுத்தைக் கட்டத்தில் வரையும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். "எ" எங்கே முடிகின்றது, "ஏ" எங்கே கால் நீட்டுகின்றது என்று கட்டம் கட்டமாக எண்ணிய பிள்ளை அவ்வெழுத்தைப் பின்னர் மறப்பதில்லை.

வரிசைக்கு நான்காக மூன்று வரிசைகள். எழுத்துகளுக்கிடையே நான்கு கட்டமும் வரிசைகளுக்கிடையே ஆறு கட்டமும் இடைவெளி. கீழே பெயருக்கும் ஆண்டுக்கும் ஒரு வரி. சுற்றிவர 5 சென்ரிமீற்றர் விளிம்பு விட்டால் 30 சென்ரிமீற்றர் அகலமும் 28 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட துணி போதுமானது.

தைக்கும் முறையிலும் டென்மார்க்கின் பெயர் உண்டு. ஒவ்வொரு புள்ளடியையும் தனித்தனியே முடித்துச் செல்வதை ஆங்கில முறை என்பர். ஒரு வரிசை முழுவதும் ஒருபக்கச் சாய்வுக் கோடுகளை இட்டுச் சென்று, திரும்பி வரும்போது மறுபக்கச் சாய்வால் அவற்றை முடிப்பதை டெனிஷ் முறை என்பர். இதனால் மேலிழைகள் அனைத்தும் ஒரே திசையில் அமையும். வேலை சீராகத் தெரியும். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் வெட்ட வேண்டாம், முறுகிச் சிக்கும். முடிச்சும் இட வேண்டாம். நுனியைப் பின்புறத் தையலுக்குள் நுழைத்து விடுங்கள். ஓர் எழுத்துக்கு ஐம்பது முதல் நூறு புள்ளடிகள் வரை வரலாம். பிள்ளை களைத்தால் தாய் தொடரட்டும், தந்தையும் தொடரட்டும். ஹம்மரும் வீடுகளில் ஆண்மகன் ஊசி பிடிக்க நாணவில்லை.

முடிந்ததும் இளஞ்சூட்டு நீரில் சிறிது சவர்க்காரமிட்டு அலசி, துவாயின்மேல் குப்புற விரித்துப் பின்புறமாக மினுக்குங்கள். பெயரின் கீழே பிள்ளை வாழும் ஊரையும் பெற்றோர் பிறந்த ஊரையும் சேர்த்துப் பொறிப்பது சிறப்பு. ஹேர்னிங்கும் உரும்பிராயும், வைலவும் வல்வெட்டித்துறையும் ஒரே துணியில் அருகருகே நிற்கட்டும். ஆய்த எழுத்தை மறந்துவிட்டோமே என்று பிள்ளை கேட்டால், மூன்று புள்ளிகளைப் பொங்கலன்று காலையில், பானை பொங்கும் நேரத்துக்குள் இட்டுவிடலாம்.

தை என்பது எம் மொழியில் ஒரு மாதத்தின் பெயர்; ஊசியைக் கையிற் கொடுத்து இடும் ஏவலும் அதுவே. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று எம்மவர் சொல்லி வந்த நம்பிக்கை, காத்திருப்போர் வாழ்வில் விரைந்து மெய்யாகட்டும். அதுவரை மாலைகள் வீணாக வேண்டியதில்லை. வெளியே பனி பெய்யட்டும். யன்னலருகே மெழுகுதிரி எரியட்டும். உள்ளே ஒரு பிள்ளை கட்டங்களை எண்ணித் தன் பெயரைத் தமிழில் தைக்கட்டும்.